சிவப்பு ஒன்பது, மஞ்சள் நான்கு

மார்ச் 4, திங்கள்

கழிவுக் கொட்டகையில் பதின்மூன்று டிரம்கள் சேர்ந்துவிட்டன. சிவப்பு மூடி ஒன்பது: அமிலக் கழிவு. மஞ்சள் மூடி நான்கு: சயனைடு கலந்த நீர். முலாம் பூசும் ஆலையில் பளபளப்பதெல்லாம் வெளியே போய்விடும். மிச்சமெல்லாம் என் பொறுப்பு.

தள்ளுவண்டி இடித்ததில் ஒரு மஞ்சள் டிரம்மின் விளிம்பு நசுங்கிவிட்டது. மூடியை அழுத்தும்போது என் கையுறை கிழிந்தது. தோலில் கீறல்கூட இல்லை. இருந்தும் கால் மணி நேரம் கை கழுவினேன். கொட்டகையில் என்னோடு வேலை செய்பவர் டீ குடிக்கும்போதுகூடக் கையுறையைக் கழற்றமாட்டார். அதனாலேயே எல்லாருக்கும் அவர் ‘கையுறை’. அவரே சிரித்தார். “போதும் மேடம், கை தேஞ்சுடப் போகுது.”

சிரிக்கட்டும். அமிலமும் சயனைடும் ஒன்றாகக் கலந்தால் கிளம்பும் வாயு ஆளைக் கொல்ல இரண்டு மூச்சு போதும். மூன்று வருடமாக அதை நினைக்காமல் நான் அந்தக் கதவைப் பூட்டியதில்லை.

மார்ச் 6, புதன்

நாளை ஆய்வாளர் வருகிறார். மூடிகளெல்லாம் பிசுக்கு. “எல்லாத்தையும் கழட்டிக் கழுவி வச்சிடுங்க” என்று கையுறையிடம் சொன்னேன். உள்ளே இறுக்கமான தக்கை இருப்பதால் வெளிமூடியைக் கழற்றுவதில் ஆபத்தில்லை. மதியம் வெயிலில் சிவப்பும் மஞ்சளும் காய்ந்துகொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தது.

மார்ச் 7, வியாழன்

ஆய்வாளர் எண்ணிப் பார்த்தார். ஒன்பது, நான்கு. குறை எதுவும் எழுதவில்லை. மேலாளர் எல்லார் முன்னாலும், “படிச்சவங்க கையில குடுத்தா இப்படித்தான் இருக்கும்” என்றார். வீட்டில் மகள் கேலி செய்தாள்: “அப்பா, அம்மாவோட கால் இன்னிக்குத் தரையில படல, பாத்தீங்களா?”

மார்ச் 8, வெள்ளி

லாரி போய்விட்டது.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு டிரம்மிலும் லிட்மஸ் தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். அமிலமென்றால் தாள் சிவக்கும். விதி அது. நாங்களோ மூடியின் நிறத்தைப் பார்த்து ஏற்றுவோம். சுத்திகரிப்பு நிலையத்திலும் மூடியைப் பார்த்துத்தான் அந்தந்தத் தொட்டியில் ஊற்றுகிறார்கள். சோதித்ததாகக் கையெழுத்துப் போடுவது நான்.

அங்கே ஊற்றும் தொட்டிக்காரர் வழக்கம்போலப் போனில் கூப்பிட்டார். அவரை நேரில் பார்த்ததேயில்லை. மூன்று வருடமாகக் குரல் மட்டும்தான். “சிவப்பு எத்தனை, மஞ்சள் எத்தனை மேடம்?” சொன்னேன். “நீங்க சொன்னா நான் கண்ண மூடிட்டு ஊத்துவேன்” என்றார். பேத்தி பிறந்து பதினொரு நாள் ஆகிறதாம். நல்ல பெயராக ஒன்று யோசித்துச் சொல்லச் சொன்னார்.

எழுதவா வேண்டாமா என்று தெரியவில்லை. லாரி வாசலில் திரும்பும்போது கடைசி வரிசையில் ஒரு டிரம். மூடி சரியாக உட்காரவில்லை. விளிம்பு நசுங்கியிருந்தது. சிவப்பு மூடி.

நசுங்கியது மஞ்சள்தானே? சிவப்பாகவும் இருக்கலாம். ஒரு வாரத்தில் எவ்வளவோ மறந்துபோகிறது. கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லியிருக்கலாம். தூக்கினேன். ஓட்டுநர் நான் வழியனுப்புவதாக நினைத்து அவரும் கையசைத்தார். நான் அப்படியே விட்டுவிட்டேன். நிறுத்தினால் மூடியைக் கழுவச் சொன்னது யார் என்று கேட்பார்கள் — அதுதான் மனதில் ஓடியது. வேறெதுவுமில்லை.

மார்ச் 9, சனி. மதியம்

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் எழுந்ததும் இந்த நோட்டைப் புரட்டினேன். திங்கட்கிழமை, என் கையெழுத்தில்: ‘ஒரு மஞ்சள் டிரம்மின் விளிம்பு.’

மணி ஒன்பதே கால். ஒன்பதுக்கே ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

தொட்டிக்காரருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. முகமூடி போட்டால் போனைப் பெட்டியில் வைத்துவிடுவார், தெரியும், ஆனாலும் அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு நிலையத்தின் வாசல் எண். காவலாளி எடுத்தார்.

“அவர் தொட்டி மேல நிக்கிறாரும்மா. சாயங்காலம் பேசுங்களேன்.”

“ஐயா, ஓடுங்க. ஊத்த வேணாம்னு சொல்லுங்க. கத்துங்க. ஓடுங்க ஐயா!”

போனை வைக்காமல் ஓடினார். செருப்புச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம்? நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் பாதி முகம் சோப்பு நுரையோடு வந்து நின்று, “யாருக்கு என்னாச்சு?” என்றார். எனக்கென்ன தெரியும்? யாருக்கு என்ன ஆச்சுன்னு எனக்கென்ன தெரியும்?

பிறகு இருமல். தொட்டிக்காரருடைய இருமல்.

“சிவப்புல மூணு ஊத்திட்டேன் மேடம். நாலாவதுக்குத் தக்கையை எடுத்துட்டேன். என்ன விஷயம்?”

“விளிம்பு நசுங்கியிருக்கா?”

“இதுவா? இல்லையே. அது பின்னால, அஞ்சாவதா நிக்குது.”

எல்லாவற்றிலும் தாளை நனைக்கச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. அஞ்சாவதில் தாள் சிவக்கவில்லை.

நாலாவதிலும் சிவக்கவில்லை.

அது எனக்குத் தெரியவே தெரியாது. அதில் எந்த அடையாளமும் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிறேன்.

மார்ச் 11, திங்கள்

நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வேண்டாமென்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார்: “யாருக்கும் ஒண்ணும் ஆகல. நீயா போய் எதுக்குத் தலையக் குடுக்கற?” மேலாளரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். பிறகு தாளை என் பக்கம் தள்ளி, “மூடிய மாத்திப் போட்டது கையுறைதானே? அதையே எழுதிடுங்க” என்றார்.

கையுறை கதவோரம் நின்றிருந்தார். கையுறைக்குள் விரல்கள் மடங்குவதும் விரிவதும் தெரிந்தது.

எழுதிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது?

“கழுவச் சொன்னது நான். சோதிக்காம கையெழுத்துப் போட்டதும் நான்” என்றேன்.

ஒரு மாதம் வேலைக்கு வரக்கூடாது. அதன்பிறகு பார்க்கலாமாம்.

மார்ச் 23, சனி

தொட்டிக்காரரைக் கனவில் கண்டேன். அவர் முகம் எனக்குத் தெரியாது. கனவிலும் தெரியவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் ஒரு படி குறைவு. கொட்டகை அதேதான்.

டிரம்களின் வயிற்றிலேயே பட்டையாக வண்ணம் அடித்திருக்கிறது. கையுறை அடித்தாராம், யாரும் சொல்லாமலே. “மூடி எங்க வேணா போகட்டும் மேடம்” என்றார். ஆறு டிரம்கள். பட்டை இருந்தும் ஆறிலும் தாளை நனைத்தேன். மூன்றாவதில் இரண்டு முறை நனைத்தேன்.

தொட்டிக்காரர் கூப்பிட்டார். பேத்திக்குப் பெயர் வைத்தாகிவிட்டதாம். நான் யோசிக்கவேயில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். பிறகு, “சிவப்பு எத்தனை, மஞ்சள் எத்தனை?”

“நாலு, ரெண்டு. ஆறையும் நானே சோதிச்சேன்.”

அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“இங்க நானும் ஒரு தடவ நனைச்சுப் பாத்துட்டுத்தான் ஊத்துவேன் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க.”

எடுத்துக்கொள்ளவில்லை. போனை வைத்துவிட்டுக் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து, கொண்டுபோன சாப்பாட்டை முழுதும் சாப்பிட்டேன்.