கோல் போட்டவன் ஓடிய திசை

வோலோஸ், கிரீஸ், ஞாயிறு காலை

அன்புள்ள அம்மாவுக்கு, வெண்டெலின் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

அம்மா, நான் கோல் போட்டுவிட்டேன்! இத்தனை வருஷமாக அடுத்தவன் பந்தைத் தடுத்தே பிழைத்த உன் பிள்ளை, நேற்று கடைசி நிமிடத்தில் கார்னர் பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். ஜெயித்துவிட்டோம்! நெற்றியில் இரண்டு தையல். வெறும் கீறல்தான், பயப்படாதே.

கோல் போட்டவன் ரசிகர்களிடம் ஓடவேண்டுமாம். எனக்கு அது எங்கே தெரியும்? மறுகோடிக்கு, நாங்கள் காக்கும் கோலை நோக்கி ஓடினேன். கேப்டன் ஸ்டாதிஸ் மூச்சிரைக்கத் துரத்தி வந்து என் முதுகில் ஏறிவிட்டான்.

"டேய் ஆஸ்திரியாக்காரா, கோலைப் போட்டுட்டு எங்கடா ஓடுற? கப்பலைப் பிடிக்கவா?"

துறைமுகம் அந்தப் பக்கம்தான். எங்களைப் பார்த்து அரங்கமே சிரித்தது. காவலுக்குத் திரும்பும் பழக்கம் என்று அவனிடம் சொல்லிவைத்தேன்.

பூசணி விதை எண்ணெய் ஒரு புட்டி அனுப்பு. இங்கே எல்லாவற்றுக்கும் ஆலிவ் எண்ணெய்தான்; சாலட் தொண்டையில் இறங்கவே மாட்டேன் என்கிறது. பயிற்சிக்கு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது.

ஊரில் நான் ஆடும்போதெல்லாம், எங்கள் கோலுக்குப் பின்னால்தானே நீ நிற்பாய்? நேற்று அங்கேதான் ஓடினேன், அம்மா.

உன் வெண்டெலின்