பன்னிரண்டு பேனலும் ஒரு ஒயரும்

நவம்பர் 9

அன்பு மகன் டெல்ஃபினுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நலமாகவே இருக்கிறோம், நீயும் அந்தக் கொரியாக் குளிரில் விரல் மரத்துப் போகாமல், வெல்டிங் பொறி கண்ணில் படாமல் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். நேற்று ராத்திரிகூடப் போனில் பேசினவள் இன்றைக்கு எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் இடுப்பில் இடிக்கிறார். அதனால்தான் லீவு முடிந்து உங்கள் கப்பல் பட்டறைக்குத் திரும்புகிற ரொவெல் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கருவாடு இருக்கிறது, அதை அறைக்குள் பொரிக்காதே, போன தடவை பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தட்டினார்கள் என்று நீயே சொன்னாய். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரும் இருபதாம் தேதி அந்த மணிலா கம்பெனியின் பன்னிரண்டு சோலார் பேனலுக்குக் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னாய் அல்லவா, போடாதே. காரணத்தைச் சொல்கிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

நீ சொன்னபடி மூன்று பேரை வரவழைத்துப் பேசினேன். இருபத்தாறு வருஷம் சந்தையில் மீன் விற்றவளை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு, உனக்குத் தெரியும். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டு, மூவரிடமும் கேட்டதையே கேட்டு எழுதிக்கொண்டேன். புயலுக்குத் தாங்குமா, நம் தகரக் கூரையில் ஆணி எங்கே இறங்கும், உப்புக்காற்றில் சட்டம் அரிக்குமா, பின்னால் இருக்கிற தென்னைமரத்து நிழல் விழுந்தால் என்ன ஆகும், எல்லாம் கேட்டேன். வெயில் ஏற ஏறக் கரண்டும் கூடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன், இல்லையாம், பேனல் ரொம்பச் சூடானால் கொஞ்சம் குறையுமாம், அதனால் கூரைக்கும் அதற்கும் நடுவில் காற்றுப் போக இடம் விட வேண்டுமாம். டவுன் இரும்புக்கடைக்காரன் கொண்டுவந்த பெட்டியில் ஐந்நூறு வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, மணிலாக்காரன் காட்டிய ஐந்நூறு வாட்டுக்கு அது பாதி அளவுகூட இல்லை, முழம் போட்டுக் காட்டி, பாதி மீன் எப்படி முழு மீனின் எடை நிற்கும் என்று கேட்டேன், அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மணிலாக்காரன் நல்ல சட்டை, நல்ல பேச்சு, இருபத்தைந்து வருஷம் கேரண்டி என்று மூன்று தரம் சொன்னான். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நாற்காலியில் இருந்த உன் அப்பா, "தம்பி, இருபத்தஞ்சு வருஷம் எனக்கெதுக்கு, இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் கேரண்டி குடுப்பியா?" என்று கேட்டுவிட்டு இருமுகிற அளவுக்குச் சிரித்தார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மூன்றாவதாக வந்தவள் கலப்பான் நகரத்தில் இருந்து வந்த ஒரு பெண், தானே ஏணி போட்டுக் கூரைமேல் ஏறிப் பார்த்தாள். "ஆறு பேனல் போதும்மா, மிச்சக் காச பேட்டரில போடுங்க" என்றாள். அவளிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ரெமெடியோஸ் வீட்டுக் கூரையில் பன்னிரண்டு இருக்கும்போது நம் வீட்டில் ஆறு என்றால் தெருவில் என்ன நினைப்பார்கள் என்பதுதான் என் மண்டையில் ஓடியது.

உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றவள் ரெமெடியோஸ், அன்றிலிருந்து அவள் எனக்கு மாரே, நான் அவளுக்கு மாரே. துபாயில் இருக்கிற அவள் மகன் அந்தப் பேனல்களைப் போட்டுக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷமும், "எங்க வீட்ல கரண்டு போறதுன்னா என்னன்னே மறந்துபோச்சு மாரே" என்று கோயில் வாசலில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். கரண்டு போனால் தெருவே கதவைத் திறந்துபோட்டு விசிறிக்கொண்டு வெளியில் உட்கார்ந்திருக்கும், அவள் வீட்டு ஜன்னல் மட்டும் சாத்தியிருக்கும், உள்ளே ஏசி ஓடுகிறது என்று நாங்கள் பெருமூச்சு விடுவோம். போன மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கரண்டு போனது. அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டபோது அப்பா தூங்குகிறார் என்று சொன்னேனே, அது பொய், அவருக்குப் பேசத் தெம்பில்லை. அவசரத்துக்கு வைத்திருக்கிற ஆக்சிஜன் சிலிண்டரை நிரப்ப அன்று காலைதான் லாரியில் கொடுத்தனுப்பியிருந்தேன், கரண்டில் ஓடுகிற ஆக்சிஜன் மெஷின் இருக்கிறதே, ஒரு நாள்தானே என்று நினைத்தேன், தப்பு என்னுடையது. ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்று பார்த்தேன், வரவில்லை. பதினொன்றரைக்கு அவர் உதட்டில் நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம், ரெமெடியோஸ் வீடு இரண்டு தெரு. மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ட்ரைசைக்கிளில் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினால் திறக்கவில்லை, கத்தினேன், அப்புறம் திறந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, கையில் விசிறி, வீட்டுக்குள் ஒரே இருட்டு. ஸ்விட்ச் எங்கே என்று கேட்கிறேன், அவள் அப்படியே சுவரில் சாய்ந்து அழுகிறாள். "மேல வெயில் கொளுத்துது, கீழ ஒரு பல்பு எரியாது மாரே, ரெண்டு வருஷமா இப்படித்தான், சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கே விடு என்று வண்டிக்காரனிடம் சொல்லிவிட்டேன், நம் தெரு வழியாகத்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டுக் குலாஸ் வாசலில் ஒரு சண்டைச் சேவலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அவனும் உன் அப்பாவும் நாலு வருஷமாகப் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும், சேவல்கள் விடியுமுன்னே கத்துகின்றன, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராமல் சேவல் சண்டைக்குப் போகிறான் என்று இவர் ஊர்த் தலைவரிடம் இரண்டு தடவை புகார் எழுதிக் கொடுத்தவர். அவன் உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான், சேவலைக் கீழே விட்டான், வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றான். "ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது அக்கா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் மதில் வழியா ஒயர் போடறேன்" என்றான். அவன் கோழிக்கூண்டின் மேல் மூலை விரிசல்விட்ட இரண்டு பேனலைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறானே, நானும் உன் அப்பாவும் அதைப் பார்த்து எத்தனை தரம் சிரித்திருப்போம். அதன் கீழே பழைய மீன்பிடிப் படகிலிருந்து வாங்கிய பேட்டரிகள் இருக்கின்றன, முட்டைக்குச் சூடு கொடுத்துக் குஞ்சு பொரிக்கிற பெட்டிக்காக. அன்றைக்கு அதில் முப்பத்திரண்டு முட்டை, பதினெட்டாம் நாள், இன்னும் மூன்று நாளில் பொரிய வேண்டியவை, ஒவ்வொன்றும் நல்ல ஜாதிச் சேவலின் வாரிசு. முதலில் அந்தப் பெட்டியையும் நம் மெஷினையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தான், பேட்டரி தாங்காமல் எல்லாம் கீச்சென்று கத்தி அணைந்துவிட்டது. பெட்டிக் கண்ணாடி வழியாக முட்டைகளை ஒரு தரம் பார்த்தான். பிறகு பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நம் மெஷினைச் சொருகினான். அவன் பெண்டாட்டி தன் போர்வைகளைக் கொண்டுவந்து முட்டைகளைப் பொத்தி வைத்தாள். மெஷின் ஓட ஆரம்பித்ததும் உன் அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், குலாஸ் மதில்மேல் இருந்தபடியே, "கோழி மறுபடி முட்டை போடும், நீங்க பேசாம மூச்ச விடுங்கண்ணே, புகார நாளைக்கு எழுதிக்கலாம்" என்றான். நாலு மணிக்குத்தான் கரண்டு வந்தது. அதுவரை நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்திரண்டில் பதினொன்றுதான் பொரிந்தது. உன் அப்பா இப்போது குழாய் எட்டுகிற தூரம் வரை மதிலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "எல்லாம் தீனி எடுத்துச்சா?" என்று காலையில் கேட்காமல் காபி குடிப்பதில்லை. ரெமெடியோஸ் முகத்தில் ஒன்பது நாள் நான் விழிக்கவில்லை, அவள் பொய்யை நம்பித்தானே அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று நெஞ்சு கொதித்தது. நடுவில் கலப்பான் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பேட்டரி இல்லாத அந்த வகை, ரெமெடியோஸ் வீட்டில் இருப்பதும் மணிலாக்காரன் சொன்னதும் அதுதான், கம்பத்துக் கரண்டு போனால் தானும் அணைந்துவிடுமாம், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவனுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்களாம், பில் குறைவதற்கு அது நல்லதுதானாம், இருட்டுக்குத்தான் ஆகாதாம். அவ்வளவு கேள்வி கேட்ட நான் இந்த ஒன்றை ஒருவரிடமும் கேட்கவில்லை. சூரியன் மேலே இருந்தால் வீட்டில் கரண்டு இருக்கும் என்று இந்த ஊரில் எல்லாரும் நினைத்தது போலத்தான் நானும் நினைத்தேன். பத்தாம் நாள் ரெமெடியோஸ் ஒரு தூக்குப் பாத்திரம் நிறையச் சாக்லேட் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஏன் இரண்டு வருஷமாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். "மகன் வருஷக்கணக்கா வெயில்ல நின்னு வாங்கிக் குடுத்தது, அது உதவலன்னு எந்த வாயால சொல்றது மாரே?" என்றாள். எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. நானும் அதையேதானே செய்துகொண்டிருந்தேன், நீ ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு, ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் எவ்வளவு ஆசையாய் அந்தப் பன்னிரண்டு பேனலைப் பற்றிப் பேசினாய், வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உன் அப்பாவும் அதற்காகத்தான் என் இடுப்பில் இடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அழுது, கஞ்சியையும் காலி செய்தோம். அன்றைக்கே அவளைத் தன் மகனுக்கு உண்மையைச் சொல்ல வைத்தேன், இப்போதும் பேட்டரி சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறதாம், அவன் பார்க்கிறேன் என்றிருக்கிறான்.

ஆகவே மகனே, கலப்பான் பெண்ணிடம் ஆறு பேனலும் பேட்டரியும் சொல்லிவிடு, தெருவில் யார் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலை இல்லை. நீ கொடுப்பது சிறிதாகிவிட்டது என்று மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, உன் அப்பா கேட்ட மத்தியானத்துக்கு உன்னுடைய இந்த ஆறுதான் வேண்டும். ஒயர் மட்டும் ஒன்று கூடுதலாகப் போடச் சொல், மதிலைத் தாண்டிக் குலாஸின் முட்டைப் பெட்டி வரைக்கும். புகார் எழுதிய கையாலேயே உன் அப்பா அளந்து எழுதி வைத்திருக்கிறார், இருபத்திரண்டு மீட்டர். மாதா உன்னைக் காக்கட்டும், உன் வேலையும் உன் கூட்டாளிகளும் நன்றாக இருக்கட்டும், உன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்ததாக நினைத்துக்கொள் என்று அப்பா எழுதச் சொன்னார்.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். நான் மறைத்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக வீடியோவில் உன் வலது கை மட்டும்தான் தெரிகிறது, காபி குடிக்கும்போதும் இடது கை மேசைக்கு மேலே வரவில்லை, ரொவெலிடம் கேட்டால் அவனும் வேறு பக்கம் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அம்மாவுக்கு இரண்டு கையையும் காட்டு.

என்றும் உன் அம்மா
நெனித்தா