பத்தும் ஆறும் எட்டு

சட்டைப்பையில் டெஸ்டரோடே சோறுண்ட என் அப்பாவுக்கு,

நேற்று மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குக்குப் போயிருந்தேன். கரண்ட் கள்ளன் என்று சொல்லி உங்களை வெளியேற்றினார்களே, அதே கிடங்கு. சல்லடை மோட்டாருக்குப் பக்கத்தில் நீங்கள் மாட்டிய கண்டென்சர் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆளைத் துரத்திவிட்டு, அவர் மாட்டியதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று முதலாளி கூட்டிவந்த இன்ஜினியர் ஒவ்வொரு கம்பியாக மீட்டரால் கவ்விப் பார்த்தார். மோட்டாரில் பத்து ஆம்பியர். கண்டென்சரில் ஆறு. இரண்டுக்கும் பிரிந்து போகிற மெயின் கம்பியில் எட்டுதான்.

"பத்தும் ஆறும் பதினாறல்லே சேட்டா? பாக்கி எட்டு எவிடுந்நா?"

மீதி எட்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு, திருட்டு லைன் இழுத்திருக்கிறான் என்றார் இன்ஜினியர்.

"அது அப்படித்தான் காட்டும் சார். கண்டென்சரைக் கழட்டிப் பாருங்க, மெயின்ல பத்தாகும்" என்றீர்களாம். ஒருவராவது கழற்றிப் பார்த்தார்களா?

நான் மட்டும் என்ன? அப்போது பத்தாம் வகுப்புக்காரி. "பத்தும் ஆறும் பதினாறுதானேப்பா?" என்று கேட்டேன். நீங்கள் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினீர்கள்.

நீங்கள் போன பிறகுதான் கல்லூரியில் அந்தப் பாடம் வந்தது. இணைச் சுற்றில் கிளை மின்னோட்டங்களைக் கலப்பெண்களாக எழுதித்தான் கூட்ட வேண்டுமாம். மீட்டர் அளவைத்தான் காட்டும், திசையைக் காட்டாது. மோட்டாரின் பத்து, உண்மையில் 8 − j6; நேராக எட்டு, குறுக்கே ஆறு. கண்டென்சரின் ஆறு, +j6; அதே குறுக்கில் எதிர்ப்பக்கம். கூட்டினால் இரண்டு ஆறும் அடிபட்டுப் போகும். மிச்சம் எட்டு. வகுப்பில் தலையைக் குனிந்துகொண்டேன் அப்பா.

இதைத்தான் நேற்று ஒரு தாளில் எழுதி அந்த இன்ஜினியரிடம் நீட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது ஞங்களும் படிச்சதா மோளே."

படித்தவராம்! படித்தவர்தான் அன்று விரல்விட்டுக் கூட்டினார்.

"கழிஞ்சது கழிஞ்சு. சாயா குடிக்கு" என்றார் முதலாளி. அந்தச் சாயாவைத் தொடவே அருவருப்பாக இருந்தது. அதைவிட, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்த என்மீது.

திங்கட்கிழமை மறுபடி போவேன். உங்களைக் கள்ளன் என்ற, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் எல்லாரும் நிற்கும் நேரத்தில் கண்டென்சரைக் கழற்றச் சொல்வேன். மெயினில் பத்து ஏறுவதை அவர்களே பார்க்கட்டும். எனக்குக் குரல் எழும்பாவிட்டால் என்ன, மீட்டர் முள் எழும்பும்.

அன்று பதினாறு என்று சொன்ன,
உங்கள் மகள்