இறங்காத கண்ணாடி

செம்பூர், மும்பை
டிசம்பர் இரண்டாம் வாரம்

அன்புள்ள விஜயராணிக்கு,

பாகீரதி எழுதுவது. நீ நாக்பூரில் சுகமாக இருக்க வேண்டும். கவரின் பின்னால் என் பெயரைப் பார்த்ததும் பிரிக்காமல் தூக்கிப் போட உனக்கு எல்லா உரிமையும் உண்டு. பிரித்துவிட்டாய் என்றால், தயவுசெய்து கடைசி வரை படித்துவிடு. உன் போனுக்கு என் நம்பரிலிருந்து கால் போவதில்லை. ஆபீஸ் மெயிலில் எழுதுகிற விஷயமும் இல்லை இது. நான் தமிழில் ஒரு முழுப் பக்கம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. வண்டியில் போகும்போது யாருக்காவது தமிழ் மெசேஜ் வந்தால் நீதான் எங்களுக்கு வாசித்துக் காட்டுவாய். அதனால் பிழைகள் இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி.

இங்கே குளிர்காலம் என்று பேர். ஃபேனை ஒன்றில் வைத்துத் தூங்குகிறோம், அவ்வளவுதான். அம்மு அதற்கே சால்வையைப் போர்த்திக்கொண்டு காலையில் ஆபீஸுக்கு என் வண்டியில் ஏறுகிறாள். முட்டி வலி குறையவில்லை, டாக்டரை மாற்றியதுதான் மிச்சம். நகுல் இன்னும் கார் வாங்கவில்லை. தினமும் ஒரு மாடலின் பெயரைச் சொல்லி, அடுத்த நாள் அதில் ஒரு குறை கண்டுபிடிக்கிறான். நம் வண்டிக்குக் கியாஸ் போட வரிசை பெட்ரோல் பங்க்கைத் தாண்டி ரோட்டுக்கே வந்துவிடுகிறது. நாக்பூரில் காலையில் பல் கிட்டிக்கொள்ளும் என்கிறார்கள். உனக்கு ஜலதோஷம் சீக்கிரம் பிடிக்கும், காதை மூடிக்கொண்டு போ.

நாங்கள் இப்போது சயான் பக்கம் போவதில்லை. செம்பூரிலிருந்து நேரே கனெக்டர் மேம்பாலத்தில் ஏறிவிட்டால் பிகேசி ஆபீஸ் வந்துவிடுகிறது. உன்னை ஏற்றிக்கொள்ளத்தான் சயான் வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தோம் என்று அம்மு சொல்கிறாள், ஏதோ நாங்கள் உனக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி. நேரம் மிச்சம்தான். முன்சீட்டில் இப்போது என் கைப்பை உட்கார்ந்துகொண்டு வருகிறது.

மழை, வெயில், வண்டி, ரயில் லேட், யார் வீட்டில் என்ன சமையல். இரண்டு வருஷமாக நாம் வேறு எதைப் பேசினோம்? ஆனால் அந்தப் பேச்சுக்கு நடுவில் தினமும் ஒன்று நடந்தது. சயானில் நீ ஏறுவாய். தாராவி சிக்னல் வரும். அம்மு பின்னாலிருந்து, "ஏத்துங்கோ, கண்ணாடியை ஏத்துங்கோ, நாத்தம் குடலைப் பிடுங்கறது" என்பாள். நான் மூக்கைச் சுளிப்பேன். நகுல் ஏதாவது ஜோக் அடிப்பான், நாங்கள் சிரிப்போம். கொஞ்ச நாளில் அம்மு சொல்லவே தேவையில்லாமல் போனது. சிக்னல் கண்ணில் பட்டதுமே நீ உன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுவாய். உன்னைக் கெட்டிக்காரி என்றுகூட நான் ஒருநாள் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நீ சயானில் ஏறுவதால் உன் வீடு சயானில் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். நீ அப்படிச் சொன்னதே இல்லை.

ஜூலையில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் டிரைவர் சீட்டில் இருந்தவளுக்கு அது எப்படி இருந்தது என்று நான் எழுதியாக வேண்டும். அன்று சாயங்காலம் மெயின் ரோடு முழுக்கத் தண்ணீர் என்று போலீஸ்காரர் எல்லா வண்டியையும் தாராவி உள்ரோட்டில் திருப்பிவிட்டார். முழங்கால் தண்ணீரில் நம் வண்டி நின்றுபோனது. இன்ஜின் அணைந்தாலும் சாவியை எடுக்கவில்லை, வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. நீ வீட்டுக்கு ஏதோ மெசேஜ் போட்டாய். கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, தண்ணீரில் நடந்து வந்து உன் பக்கக் கண்ணாடியைத் தட்டினார்.

அம்மு உடனே, "திறக்காதே, காசு கேப்பா" என்றாள். எல்லோருடைய கண்ணாடியையும் பூட்டுகிற பொத்தான் என் பக்கக் கதவில் இருக்கிறது. என் விரல் தானாகப் போய் அதை அமுக்கியது. அதுவரைக்கும்கூட என்னை மன்னிக்கலாம். அதற்கப்புறம்தான் அவர், "ஏட்டி ராணி, சாயா கொண்டாந்திருக்கேன்" என்று கூப்பிட்டார். மழையிலும் அது தெளிவாகக் கேட்டது. அவர் முகத்தில் உன் முகம் இருந்தது. நீ உன் பக்கத்து ஸ்விட்சை அமுக்கினாய். கண்ணாடி இறங்கவில்லை. மறுபடி அமுக்கினாய். பிறகு ஸ்விட்சைப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தாய்.

எல்லாம் ஒரு நொடியில் நடந்துவிட்டது என்று எழுதலாம். எழுத மாட்டேன். அந்தப் பூட்டை எடுத்துவிட எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. கண்ணாடி இறங்கினால், இரண்டு வருஷமாக அந்த இடத்தைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் உன்னைப் பற்றிப் பேசியது என்று ஆகிவிடும். அதை அந்த வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஏற்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் உன் அம்மாவைப் பார்த்து, வேண்டாம் போங்கள் என்று கையை ஆட்டினேன். ஆமாம், நான்தான் ஆட்டினேன். அவர் சிரித்தபடியே பிளாஸ்க்கையும் டம்ளர்களையும் பானட்டின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். நீ கதவைத் திறந்து, தண்ணீரில் இறங்கி அவர் பின்னால் போனாய்.

டம்ளர் நம் நாலு பேருக்கும் இருந்தது. அம்மு அந்தச் சாயாவைக் கீழே கொட்டினாள். நான் தடுக்கவில்லை.

இனி எழுதுவது உனக்கு முழுதாகத் தெரியாதது. மறுநாள் நீ, இனிமேல் ரயிலில் வருகிறேன் என்று குரூப்பில் ஒரு வரி போட்டுவிட்டு விலகிக்கொண்டாய். வண்டியில் அம்மு, "பெத்தவளுக்கே கண்ணாடியை எறக்கலை, என்ன பொண்ணு இவ" என்றாள். நகுல் உச்சுக் கொட்டினான். நான் கியரை மாற்றிக்கொண்டு "ம்" என்றேன். அந்த "ம்" ஆபீஸ் முழுக்கப் பரவியது. லன்ச் ரூமில் அந்தப் பேச்சு உன் காதில் விழுந்தபோது நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். நீ மறுத்துப் பேசுவாய், என் பெயர் வெளியே வரும் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாய். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு நாக்பூருக்கு மாற்றல் கேட்டு எழுதினாய். அதைச் சிபாரிசு செய்து மேலே அனுப்பியதும் நான்தான். அனுப்பிவிட்டு, அப்பாடா என்று இருந்தது விஜயராணி. மறைக்காமல் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது.

பிளாஸ்க் மட்டும் வண்டியின் டிக்கியிலேயே கிடந்தது. போன மாதம் சர்வீஸுக்கு விட்டபோது அந்தப் பையன்கள் எடுத்து என் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகவும் மனம் வரவில்லை, திரும்ப டிக்கியில் போடவும் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ரிக்‌ஷா பிடித்துத் தாராவிக்குப் போனேன். உன் அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு மளிகைக் கடையில், இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிற விஜயராணி வீடு என்று கேட்டேன். "பேராச்சி மவளா, நாக்பூர்ல இருக்காள்ளா" என்று அந்தக் கடைக்காரர் பெருமையாகச் சொல்லிவிட்டு ஒரு சந்தின் பக்கம் கையைக் காட்டினார்.

இரும்பு ஏணியில் ஏறிப் போனேன். உன் அம்மா சட்டைகளைக் குவித்துப் போட்டு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். என் கையில் பிளாஸ்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்கதான் பாகீரதி மேடமா" என்று எழுந்தார். அதற்கப்புறம் அவர் கேட்டதை எழுதுகிறேன், படி. அம்முவுக்கு முட்டி வலி தேவலையா. நகுல் கடைசியில் எந்த வண்டிதான் வாங்கினான். எங்கள் வீட்டு பாத்ரூமில் தண்ணீர் ஒழுகியதை மேல்வீட்டுக்காரர்கள் சரிபண்ணிக் கொடுத்தார்களா. என் மாமியார் வெயில் காலத்தில் ஏசி போட விடாமல் சண்டை பிடிப்பாரே, இப்போதும் அப்படித்தானா. நீ தினமும் வீட்டுக்கு வந்ததும் நம் வண்டிப் பேச்சையெல்லாம் அவருக்கு ஒப்பிப்பாயாமே. ராத்திரி சாப்பாட்டுக்கு அதுதான் தொட்டுக்க என்று சொல்லிச் சிரித்தார். எங்களைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சிக்னலில் நாங்கள் பேசியதை மட்டும் நீ சொல்லவில்லை என்று புரிந்தது. சொல்லியிருந்தால் அவர் எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டிருக்க மாட்டார்.

சாயா கொடுத்தார், குடித்தேன். குடித்தேன் என்று இங்கே எழுதத் தோன்றுகிறது பார், அதுவே வெட்கக்கேடு.

எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியாமல் நான் மழையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்தார். "அன்னைக்கு பிள்ள பட்டனப் போட்டு அமுக்கிக்கிட்டே கெடந்தா, கண்ணாடி எறங்கவே இல்ல. நாந்தான் வெளிய நின்னு பாத்தம்லா. அது ரிப்பேரு போல, இப்ப சரியாயிட்டா மேடம்?" என்று கேட்டார்.

சரியாகிவிட்டது என்றேன்.

அதைச் சொல்லத்தான் போனேன், விஜயராணி. உங்கள் மகள்மேல் தப்பில்லை, நான்தான் பூட்டினேன் என்று சொல்வதற்காகவே ஏணி ஏறினேன். அவர் எனக்கு ஒரு பொய்யை எடுத்துக் கையில் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உண்மை தெரிந்துதான் எனக்கு அந்த வழியைக் காட்டினாரா, தெரியாமலே கேட்டாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் என் தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை வண்டியில் அம்முவிடமும் நகுலிடமும் சொன்னேன். பூட்டியது நான், அவள் கடைசி வரைக்கும் அமுக்கிப் பார்த்தாள் என்றேன். அம்மு, "இப்போ எதுக்குடீ அதெல்லாம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நகுல் அன்று முழுக்க ஒரு மாடலின் பெயரும் சொல்லவில்லை. அடுத்த நாள் லன்ச் ரூமில் எல்லோர் முன்னாலும் அவனே எழுந்து சொல்லிவிட்டான். நான் செய்திருக்க வேண்டிய வேலை அது. அதையும் அவன்தான் செய்தான்.

கிளம்பும்போது உன் அம்மா ஒரு ஸ்வெட்டரும் கருவாட்டுப் பொட்டலமும் கொடுத்து, உனக்குக் கூரியர் பண்ணச் சொன்னார். விலாசமும் தந்தார். பார்சல் தனியாக வரும். அவர் கட்டிக் கொடுத்ததற்குள் இந்தக் கடிதத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொன்னார். நாக்பூரிலும் பிள்ளைக்கு நல்ல சினேகிதம் கிடைத்துவிட்டது, காரில்தான் கூட்டிப்போகிறார்கள், அங்கேயும் முன்சீட்டுத்தான், தினமும் போனில் அந்தக் கதையைச் சொல்லுவாள் என்றார். ஒரு கிழவர் வழியெல்லாம் ஆரஞ்சு விலை பேசுவாராம், ஒரு அம்மா ஹாரனை விடவே மாட்டாராம். அவர் சொல்லச் சொல்ல நானும் சிரித்தேன். புதன்கிழமை வேறு வேலையாக உன் கிளைக்குப் போன் பண்ணினேன். உன்னைப் பற்றிக் கேட்டேன். ஹாஸ்டலிலிருந்து தனியாக பஸ்ஸில் வருவாள், யாருடனும் அதிகம் பேச மாட்டாள் என்றார்கள்.

போனை வைத்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மறுபடி தாராவிக்குப் போகிறேன். கண்ணாடி ரிப்பேர் இல்லை என்று உன் அம்மாவிடம் சொல்லப் போகிறேன். அவர் என்னை இனி வர வேண்டாம் என்றால் அது நியாயம். நீ போகாதே என்று சொன்னால் போக மாட்டேன், அதற்குள் ஒரு வரி எழுது போதும். நாக்பூர் காரைப் பற்றி மட்டும் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அது உனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் இருப்பது.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை, அதனால் கேட்கவில்லை. உனக்காக சாமியிடம் ஒன்றே ஒன்று வேண்டிக்கொண்டேன். அந்த ஊரில் யாராவது நிஜமாகவே உன்னை வண்டியில் ஏற்றிக்கொள்ளட்டும். உன் வீடு எங்கே, அம்மா எப்படி இருக்கிறார் என்று முதல் நாளே கேட்கிறவர்களாக அவர்கள் இருக்கட்டும்.

நல்லபடியாக இரு, குழந்தை.

பாகீரதி