தூரத்துக் கல்லூரியைத்தான் எடுத்தேன்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலிகூட இந்த மாதம் அடங்கிப் போயிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் இருந்துகொண்டு உன்னை ஒருக்களித்துப் படுக்கவிடாமல் உதைக்கும் அந்தச் சின்ன ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. போன ஞாயிற்றுக்கிழமை, பிரசவத்துக்கு வர முடியாது என்று நான் சொன்னதும் "அப்ப எனக்கு யாரும்மா இருக்கா?" என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் அழுதிருப்பேன், நீயும் அழுதிருப்பாய், பேச வந்த பேச்சு பாதியில் நின்றிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். முழுசாகப் படி, படித்து முடித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

இந்த வயதில் எதற்குப் பார்மசி படிக்கக் கிளம்பினேன் என்று உன்னிடம் நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. கடையில் எல்லோரும் படிக்கச் சொல்கிறார்கள் என்று மழுப்பிவிட்டேன். ஒருத்தரும் சொல்லவில்லை. நடந்தது வேறு. நம் மருந்துக் கடைக்குப் பதினோரு வருடமாக வருகிற தச்சர் ஒருவர் இருக்கிறார், உனக்குக்கூட மேசை இழுப்பறையைச் சரி செய்து கொடுத்தாரே அவர்தான். அவருக்கு இதயக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை போடுகிறவர். போன வருடம் ஒரு நாள் வேறு டாக்டரிடம் தோள் வலிக்குக் காட்டிவிட்டு அந்தச் சீட்டோடு வந்தார். ரேக்கிலிருந்து வலி மாத்திரை அட்டையை எடுத்தபோதே எனக்குக் கை நின்றுவிட்டது. இது இரண்டும் சேரக் கூடாது என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். நம் கடை பார்மசிஸ்ட் தம்பியிடம் மெதுவாகச் சொன்னேன். அவன் நல்ல பையன்தான், திமிர் கிடையாது. "ஏங்க்கா சேரக் கூடாது?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை சிட்டு. பதினோரு வருடம் அந்தக் கவுன்ட்டரில் நின்றவளுக்கு ஏன் என்கிற ஒரு வார்த்தைக்குப் பதில் இல்லை. "டாக்டரே எழுதியிருக்காரு, நாம யாருக்கா மாத்த?" என்றான், வரிசையில் ஆறு பேர் நின்றார்கள், நான் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. பிழைத்துவிட்டார், பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். அவருடைய மருமகள் கடைக்கு வந்து என்னிடம், "அன்னைக்கு நீங்க உள்ள போய் ஏதோ சொன்னீங்களாமே அக்கா, மாமா பார்த்தேன்னாரு, என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். சண்டைக்கு வந்தவள் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் சந்தேகப்பட்டதைச் சொன்னேன். அவள் மருந்தை வாங்கிக்கொண்டு போனாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அந்தத் தம்பியும் அதற்குப் பிறகு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, இப்போது எந்தச் சீட்டு வந்தாலும் இரண்டு முறை பார்க்கிறான். மருமகள் வந்துபோன அன்றைக்கே நான் படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

விண்ணப்பம் போட்ட கூத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியலைத் தேடி நான் படித்த பள்ளிக்கே போனேன், அந்தக் காலத்துப் பதிவேட்டை ஏணி வைத்து எடுத்துத் தூசி தட்டிப் பார்த்துவிட்டு அங்கிருந்த எழுத்தர், "பொண்ணுக்காம்மா?" என்றார். எனக்குத்தான் என்றதும் கண்ணாடியைக் கழற்றி ஒரு முறை துடைத்துப் போட்டுக்கொண்டார். வேதியியலில் நான் நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன் தெரியுமா, நீ பிளஸ் டூவில் வாங்கியதைவிட அதிகம், அதை இப்போது இழுக்கவில்லை. விண்ணப்பத்தில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து என்று ஓர் இடம் இருந்தது. யாரைப் போடச் சொல்வது என்று நான் முழிக்க, உன் அப்பா பேனாவைப் பிடுங்கி வாகாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, "இனிமே மார்க் ஷீட்டும் என்கிட்டதான் வரணும், குறைஞ்சா டிவி கிடையாது" என்றார். மூன்று கல்லூரிகளுக்குப் போட்டேன். ஒன்று வயதைப் பார்த்ததும் பதிலே போடவில்லை. இரண்டில் இடம் கிடைத்தது. ஒன்று நம் வீட்டிலிருந்து நடந்தே போகலாம், இன்னொன்றுக்கு இரண்டு பஸ் மாறி ஒன்றே முக்கால் மணி நேரம்.

இரண்டையும் நேரில் பார்க்காமல் சேர்வதில்லை என்று இருந்தேன். முதலில் பக்கத்துக் கல்லூரி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே குளுகுளு என்று இருக்கிறது, சோபாவில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார்கள். அலுவலக மேலாளர் அவ்வளவு தன்மையாகப் பேசினார். உன் பிரசவத்தைப் பற்றிச் சொன்னேன், ஆறு மாதம் ஊரில் இருக்க மாட்டேன் என்றேன். "நீங்க வரவே வேணாம்மா, பரீட்சைக்கு வந்தா போதும், மத்ததை நாங்க பார்த்துக்குவோம்" என்றார். எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. கிளம்பும்போது லேபைப் பார்க்கலாமா என்று கேட்டேன். சாவி யாரிடம் என்று தேடவே கால் மணி நேரம் ஆனது. தராசுகள் வரிசையாக இருந்தன, ஒன்றிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. குழாயைத் திறந்தேன், காற்று வந்தது. மேசையில் வருகைப் பதிவேடு விரித்தபடி கிடந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. அதில் வரப்போகிற வெள்ளிக்கிழமை வரைக்கும் எல்லோரும் வந்திருந்தார்கள்.

உன்னிடம் ஒளிக்க மாட்டேன். அதையெல்லாம் பார்த்த பிறகும் நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு நடந்தேன். மகளோடும் இருக்கலாம், சான்றிதழும் வந்துவிடும், வேறென்ன வேண்டும் என்று பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தேன், உனக்குக் கொண்டுவர வேண்டியதைப் பட்டியல்கூட எழுதினேன். மறுநாள் மத்தியானம் கடையில் பார்மசிஸ்ட் தம்பி சாப்பிடப் போயிருந்த நேரம், உன் வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வயிறு உன்னைப் போலவே ஏழு மாதம் இருக்கும். தலைவலி தாங்கவில்லை, வீட்டில் ஒரு மாத்திரை இருந்தது, போடலாமா என்று அட்டையைக் காட்டிக் கேட்டாள். பார்மசிஸ்ட் வரட்டும் என்று அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளுக்குத் தெரிந்திருக்கும் என்று அப்படி ஒரு நம்பிக்கை. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீயும் அந்தக் குளிர் தேசத்தில் ஏதோ ஒரு கடையில், குளிர்கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இதே மாதிரி யாரோ ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே நிற்பாய்? அந்த ஆள் பரீட்சைக்கு மட்டும் போனவராக இருந்தால்? தம்பி வந்து பார்த்துவிட்டு இது வேண்டாம் என்று சொல்லி, தலைவலி எத்தனை நாளாக, கால் வீக்கம் உண்டா, கண் மங்குகிறதா என்றெல்லாம் கேட்டு, "இன்னைக்கே டாக்டரைப் பார்த்து பிரஷர் பார்க்கச் சொல்லுங்க" என்று அவளை அனுப்பினான். அந்தக் கேள்விகளை நான் கேட்டிருக்க முடியாது. பக்கத்துக் கல்லூரிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டாலும் கேட்டிருக்க முடியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திரும்ப மேலே ஏற்றினேன். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரமே தூரத்துக் கல்லூரிக்குப் போனேன். பழைய கட்டடம், படிக்கட்டு நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது, லேபுக்குள் நுழைந்ததும் நெடி மூக்கைப் பிடுங்குகிறது. பிள்ளைகளின் விரல்களில் கறை. முதல் வருடத்திலிருந்தே வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நிற்க வேண்டும். நேர்காணலில் துறைத் தலைவி, என்னைவிட நாலைந்து வயது சின்னவர், ஒரு கேள்வி கேட்டார். அரைகுறையாகத் தெரிந்ததை வைத்து ஒப்பேற்றியிருக்கலாம், தெரியாது மேடம் என்று சொல்லிவிட்டேன். "காலைல இருந்து பதினாலு பேர் வந்தாங்க, நீங்க ஒருத்தர்தான் தெரியாதுன்னு சொன்னீங்க" என்று எழுதிக்கொண்டார். பாராட்டா, வெளியே போ என்று அர்த்தமா என்று வாசல் வரைக்கும் எனக்குப் புரியவில்லை. உன் விஷயத்தைக் கேட்டேன், கெஞ்சியே கேட்டேன். "பிரசவம் உங்களுக்குன்னா லீவு உண்டு, பொண்ணுக்குன்னா விதியில இல்லைம்மா" என்றார். இந்த வயதில் எனக்கா என்று நான் விழிக்க, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விதியைத் தளர்த்தவில்லை. எண்பது சதவீதம் வந்தாக வேண்டும், ஆஸ்பத்திரி நாட்களில் ஒன்றைக்கூட விடக் கூடாது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அங்கேயே சேர்ந்துவிட்டேன்.

ஆக, கல்லூரி செப்டம்பரில் திறக்கிறது, உனக்கு நாள் சொல்லியிருப்பது நவம்பர் முதல் வாரம். அந்த நேரத்தில் நான் உன் பக்கத்தில் இருக்க மாட்டேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீ பிறந்தபோது எனக்கு யாரும் துணைக்கு இல்லை, அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் இதைச் செய்கிறேன். உனக்கு வலிக்கும். எனக்கும் வலிக்கிறது. ஆனால் டிசம்பரில் மூன்று வாரம் விடுமுறை, வகுப்பு முடிந்த அன்றே கிளம்பிவிடுவேன், டிக்கெட் போட்டாகிவிட்டது.

அக்டோபர் கடைசியிலிருந்து அப்பா வருகிறார். சிரிக்காதே. நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "முப்பது வருஷம் லிஃப்ட்டுக்குள்ள மாட்டினவங்களை பத்திரமா வெளியே எடுத்திருக்கேன், எனக்கு என்ன பயம்" என்றார், இந்தப் பேச்சைப் பிரசவ டாக்டரிடம் பேச வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கீழ்வீட்டு நர்ஸ் அம்மாவிடம் குழந்தையைக் குளிப்பாட்டப் பழகுகிறார். தலையணைக்கு ஈரத் துண்டைச் சுற்றிக் கொடுத்தார்கள், முதல் வாரம் இரண்டு முறை கைநழுவிவிட்டது, இப்போது ஒன்பது நாளாக நழுவவில்லை. குழந்தை அழுதால் எதை முதலில் பார்ப்பது, எதை இரண்டாவதாகப் பார்ப்பது என்று லிஃப்ட்டுக்கு எழுதுவது போலவே நோட்டில் எழுதியிருக்கிறார். ரசமும் சோறும் தாராளமாக வைப்பார், குழம்பில் மட்டும் உப்பைப் பார்த்துக்கொள். அவர் முன்னால் நீ அழுதால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது, ஜன்னலைச் சரி செய்யப் போய்விடுவார், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையிடம் அவருக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கி வைக்கச் சொல்.

நடந்துகொண்டே இரு, உட்கார்ந்தே வேலை பார்க்காதே. தலைவலி, கால் வீக்கம், கண் மங்கல் எது வந்தாலும் கடையில் மாத்திரை கேட்காமல் நேராக டாக்டரிடம் போ, இது அம்மா சொல்வது இல்லை, கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்வது. உன் ரத்த அழுத்தம் என்ன என்று அடுத்த முறை பார்த்ததும் எண்ணை எழுதி அனுப்பு, மறந்துவிடாதே. நீயும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து, நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் என் ஆசி. கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது, எழுதாமல் மட்டும் இருக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
டிப்ளமோ பார்மசி, முதலாம் ஆண்டு, வரிசை எண் 37