வளராத ஆறு மில்லிமீட்டர்

என் வீட்டுக்காரருக்கு,

சாவி திரும்பவில்லையா? பூட்டை மாற்றிவிட்டேன். படியில் உட்கார்ந்தே படியுங்கள்.

நேற்று இருமலுக்காக ஸ்கேன் எடுத்தேன். நான் மூன்று வருடத்துக்கு முன்பு மாடிப்படியில் விழுந்தபோது எடுத்த படத்தையும் டாக்டர் திறந்தார்.

"நுரையீரல்ல சின்னக் கட்டி இருக்கு, ஆறு மாசத்துல மறுபடியும் பாக்கணும்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட அப்பவே சொன்னோமே! உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு கெஞ்சினாரும்மா."

என்னிடம் நீங்கள் சொன்னது, "விலா எலும்புல லேசான அடிதான்டி."

அதற்குப் பிறகுதானே வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்குப் பேரீச்சம்பழ இனிப்பு மக்ரூத் வாங்கி வந்தீர்கள்? நான் கத்தினாலும் சிரித்தீர்கள். அன்பு என்று நினைத்தேன். புருஷனை இழந்த உங்கள் மாமா மகள் தலெந்தா, மீன் சூப் கற்க வாராவாரம் வந்தாள். "அக்கா, மசாலா டப்பாவெல்லாம் எந்த அலமாரியில வைப்பீங்க?" என்று கேட்டாள். கூறுகெட்ட நானும் காட்டினேன். நான் உயிரோடு இருக்கும்வரை துனிசியச் சட்டம் உங்களுக்கு இன்னொருத்தியைத் தராது. விவாகரத்து என்றால் எனக்குப் பணம் தர வேண்டும். அதனால் நான் சாகட்டும் என்று காத்திருந்தீர்கள்.

டாக்டர் இரண்டு படங்களையும் அளந்தார். அன்றும் ஆறு மில்லிமீட்டர், இன்றும் ஆறு. "மூணு வருஷமா வளரவே இல்ல. இது கெட்ட கட்டி இல்லம்மா."

மசாலா டப்பாக்களை வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டேன். தலெந்தாவிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னும் நெடுநாள் இருக்கப்போகிற,
உங்கள் மனைவி