மனை மூலையில் ஒரு கல்

13 ஜூன் 1971, ஞாயிறு

அடையாற்றில் அந்தப் பழைய வெள்ளைக்காரத் தோட்டத்தை மனை போட்டு விற்கிறார்கள். காலையில் மனைவி பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பங்களாவில் தூண்கள்தான் மிச்சம். பின்னால் மாந்தோப்பு ஆற்றங்கரை வரை போகிறது. தோப்போரத்து மனை எனக்குப் பிடித்துவிட்டது.

அதன் மூலையில் ஒரு கல். பாசியைச் சுரண்டிப் படித்தேன். யாரோ ஒரு துரை தன் நாய்க்குக் கட்டிய கல்லறை. பாக்கியத்துக்குச் சமாதி என்றாலே ஆகாது. மயிலாப்பூரில் ஒரு நல்ல வீட்டையே அதற்காக விட்டோம். கல்லின்மேல் குடையை விரித்து வைத்தேன். இது இருந்த சுவடே தெரியக்கூடாது என்று, மனை காட்ட வந்த தரகரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"இன்னா சார் இது, ஒரு கல்லுதானே? காலைல ஆள வுட்டுப் பேத்துட்றேன்" என்றார்.

திரும்பும்போது குடையை எடுத்து மடக்கினேன். பாக்கியம் மாமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி சாப்பிடும்போது மனசு கேட்கவில்லை. அங்கே ஒரு நாயின் கல்லறை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். நீங்க குடையை மடக்கினப்பவே படிச்சுட்டேன்" என்றாள், மோர் ஊற்றிக்கொண்டே. "மனுஷங்கன்னாதான் எனக்குப் பயம். நாய்தானே, வீட்டைக் காக்கும். அந்த மனையே இருக்கட்டும். கல்லை மட்டும் யாரும் தொடக்கூடாது."

எழுந்து கை கழுவினேன்.

தரகர் வீட்டில் போன் கிடையாது. விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அலாரம் வைத்தால் எதற்கு என்று கேட்பாள். அதனால்தான் விழித்துக்கொண்டிருக்கிறேன்.